கிளைவிட்டுக் கிளைக்கு ஒரு திருத்தம்

சென்னையினின்று அந்தமான் நிகோபார்த் தீவுகளுக்குக் கடலடிக் கம்பிவடம் தொடங்கி வைக்கப்பெற்றது 2020 ஆகஸ்டில். அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் தீவுகளின் இணையத் தொடர்பு பெரிதும் செயற்கைத் துணைக்கோள்களையே நம்பியிருந்தது. வழி அத்துணைக் குறுகலாயிருக்குமிடத்தில் மென்பொருளின் புதிய பதிப்பு முழுவதையும் தருவிப்பதினும், வேண்டிய திருத்தம் ஒன்றை மட்டும் பெறுவதே எளிது.

அதற்கு வழியுண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' கருவி, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்னும் தனிப்பதிவாகக் காக்கிறது. ஒரு கிளையின் பதிவை மற்றொரு கிளையில் படியெடுக்கும் கட்டளை 'செர்ரி பிக்' எனப்படும். பதிவைச் சிறு உரைக்கோப்பாக்கி மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

ஆயினும் பெயர்ந்து வந்தது பழைய பதிவன்று. முன்னைப் பதிவு, நேரம் முதலியன வேறாதலால் அடையாள எண்ணும் வேறாகிறது. கட்டளையோடு 'எக்ஸ்' என்ற குறியைச் சேர்த்தால், தடையின்றிப் பெயரும் பதிவில் மூல எண் குறிக்கப்படும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. திருத்தம் எந்த முந்தைய மாற்றத்தை ஆதாரமாகக் கொண்டதோ, அது புதிய கிளையில் இல்லாதிருக்கலாம். வரிகள் மோதினால் கருவி நின்று எச்சரிக்கும். வரிகள் பொருந்திப் பொருள் மட்டும் பிழைபட்டால் அது வாய் திறவாது! சென்னையினின்று கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் தொலைவிலுள்ள கணிப்பொறி இவ்வாறு முடங்கினால், சீர்செய்ய ஆள் வருவதும் எளிதன்று.

லினக்ஸ் கெர்னலின் நிலைத்த பதிப்புகளைப் பேணுவோர், முதன்மைக் கிளையில் முன்னரே ஏற்கப்பட்ட திருத்தங்களையே பெயர்க்கின்றனர்; மூல எண்ணைக் குறிப்பில் எழுதுகின்றனர்; முன்தேவையான பதிவுகள் இருப்பின் அவற்றையும் உடன் கேட்டுப் பெறுகின்றனர்.