பத்தாயத்துக்குக் கிடைத்த விடுதலை

தஞ்சாவூர் ஜில்லாவில் சம்பந்தம் செய்துகொண்டால் அரிசிக் கவலை இல்லை என்று பட்டணத்து மாமியார்கள் கணக்குப் போட்ட காலம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தோடு வந்த ரேஷன், அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக, மிச்ச நெல்லைச் சர்க்கார் சொன்ன விலைக்கு அளந்துவிட வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து இரண்டு படி சம்பா அரிசி கொண்டு வரும் பெண்ணுக்குக்கூட ரயிலடியில் நெஞ்சு படபடக்கும். பட்டணத்திலோ, முறமும் கையுமாகக் கல் பொறுக்கியே பொழுது போயிற்று!

1952 ஜூன் மாதம், முதல் மந்திரி ராஜாஜி ஒரே அறிவிப்பில் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். விலை வானத்தில் ஏறிவிடும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் ஒளிந்திருந்த நெல் மெள்ள மெள்ளக் கடைவீதிக்கு வந்தது. மத்திய உணவு மந்திரி ரஃபி அகமது கித்வாய் தட்டிக்கொடுத்தார். 1954-க்குள் நாடு முழுவதும் அதே வழிக்கு வந்தது.

சரி, விடுதலை பத்தாயத்துக்கு. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நட்டவளின் குடிசையில் பத்தாயம் ஏது?

இதே கேள்விக்குச் சீனாவில் வேறு விதமாக விடை கிடைத்தது. 1978-ம் வருஷக் கடைசி. அன்ஹுய் மாகாணத்தில் ஷியாவ்காங் என்ற கிராமம். நிலமெல்லாம் கூட்டுப் பண்ணை, வயிறோ காலி. பதினெட்டுக் குடும்பத்தார் ரகசியமாகக் கூடி ஒரு காகிதத்தில் கைரேகை வைத்தார்கள். வயலைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கொள்வது, சர்க்கார் பங்கைக் கொடுத்துவிடுவது, மிச்சம் உழுதவனுக்கு. தலைவர்கள் சிறைக்குப் போனால் அவர்கள் குழந்தைகளைப் பதினெட்டு வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது! இதைப் படிக்கும்போது, கைரேகை வைத்த புருஷனுக்காக அன்றிரவு காத்திருந்த மனைவிமார்களைத்தான் நினைத்துக்கொள்கிறோம். நல்லவேளை, யாரும் சிறைக்குப் போகவில்லை. விளைச்சல் பெருகியது, டெங் சியாவோபிங் ஆதரித்தார், சீனா முழுவதும் அந்த வழி பரவியது. தானியக் கூப்பன்கள் மட்டும் 1990-களின் தொடக்கம் வரை ஒட்டிக்கொண்டிருந்தன.

அங்கே மிச்ச நெல் உழுதவன் கைக்குப் போயிற்று. இங்கே மிச்சமெல்லாம் மிராசுதாரிடம். ராஜாஜிக்கும் இது தெரியாமல் இல்லை. கட்டுப்பாட்டை எடுத்த அதே 1952-ல், ஆகஸ்டு மாதம், தஞ்சைக் குத்தகைதாரர்-பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ஒரு வேலிக்கு மேல் நிலம் உள்ளவர்களிடம் சாகுபடி செய்பவனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை நினைத்தபோது விரட்டவும் முடியாது. மிராசுதார் வீட்டுத் திண்ணைகளில் அன்று ராஜாஜிக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதுவதற்கில்லை!

இன்று குறுவை அறுப்பு நாளில் தஞ்சைப் பக்கம் போய்ப் பாருங்கள். சாலையோரத்தில் நெல் மலைபோல் குவிந்திருக்கும். வியாபாரி தரும் விலை கட்டாது. சர்க்கார் கொள்முதல் நிலையத்து விலைதான் கட்டும். அன்று சர்க்காருக்குப் பயந்து நெல்லை மறைத்தார்கள். இன்று சர்க்கார் எப்போது எடுத்துக்கொள்ளும் என்று ராப்பகலாய்க் காவல் இருக்கிறார்கள். மேகம் கறுத்தால் போதும், வீட்டுப் பெண்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.