சட்டக் கல்லூரியின் முதல் அழைப்பு

பிள்ளைக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணமும் செலுத்தியாயிற்று. வகுப்புகள் தொடங்குமுன் 'ஓரியண்டேஷன்' எனப்படும் அறிமுக நிகழ்ச்சிக்கு வருமாறு கல்லூரி அழைக்கிறது. "அன்று பாடம் நடக்காது, வரவேற்புரைதானே!" என்று சொல்லி நம்மில் சிலர் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கின்றனர். பெண் பிள்ளை என்றால் தயக்கம் இன்னும் கூடுகிறது. அன்பார்ந்த பெற்றோர்களே! அந்த நாளைத் தவறவிடாதீர்கள். இயன்றால் நீங்களும் உடன் செல்லுங்கள்.

பொய் பேசும் தொழிலா?

"வக்கீல் தொழில் பொய்யில்லாமல் நடக்குமா?" என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கவலைதான். அதற்கு விடை தேடத் தக்க இடம் இந்த அறிமுக நாளே.

சட்ட மாணவர் 'மூட் கோர்ட்' எனப்படும் மாதிரி நீதிமன்றத்தில் வாதாடிப் பழக வேண்டும். ஒரே வழக்கில் ஒருவர் ஒரு தரப்புக்கும், மற்றவர் எதிர்த்தரப்புக்கும் பேசுவர். இது பொய்ப் பயிற்சியன்று; இரு தரப்பையும் முழுமையாகக் கேட்ட பின்னரே தீர்ப்பு என்னும் நெறியின் பயிற்சி. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, மற்றவரின் சொல்லையும் கேட்காமல் முதலாமவருக்குத் தீர்ப்புக் கூற வேண்டாம் என்றே நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நமக்கோ நம் பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்கே சாட்சியாக நிற்குமாறு திருக்குர்ஆன் (4:135) பணிக்கிறது. தொழில் ஒழுக்கம் சட்டப் படிப்பில் கட்டாயப் பாடம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கேட்டறிய வேண்டியவை

முதலாவது, வருகைப் பதிவு. இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகையைக் கேட்டன. தம் கல்லூரி இதனை எவ்வாறு கணக்கிடுகிறது என்பதை மாணவர் அன்றே அறிந்துகொள்ளட்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் வகுப்பு இருக்குமாயின் ஜும்ஆவுக்குச் சென்றுவர வழி உண்டா என்பதையும் பணிவோடு அன்றே கேட்டுவிடுவது நல்லது. பருவத்தின் நடுவில் மனக்கசப்பு நேராது.

இரண்டாவது, களப் பயிற்சி. அவ்விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்பினருக்குக் குறைந்தது 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பினருக்கு 20 வாரங்களும் பயிற்சி உண்டு. குடும்பத்தில் வழக்குரைஞரே இல்லாத பிள்ளை எவரிடம் சென்று பயில்வது? கல்லூரி உதவுமா? தெளிவாகக் கேளுங்கள்.

மூன்றாவது, நூல்கள். உறவினர் படித்த பழைய புத்தகங்களே போதும் என்று இருந்துவிட வேண்டாம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. கொலைக்குத் தண்டனை கூறிய 302ஆம் பிரிவு இன்று 103. ஊரறிந்த 420 இன்று 318(4). அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கு

ஜஸ்டிஸ் ஃபாத்திமா பீவி அவர்களை நினைத்துப் பாருங்கள். திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் பயின்று, 1950-இல் வழக்குரைஞராகப் பதிவு செய்தார். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார். அந்த நெடும் பயணமும் ஒரு சட்டக் கல்லூரியின் வாசலில்தான் தொடங்கிற்று.

மஹருக்காக, ஜீவனாம்சத்துக்காக, வாரிசுப் பங்குக்காக நீதிமன்றப் படியேறும் நம் சகோதரிகள் எத்தனை பேர்! தம் துயரை மனம் திறந்து சொல்ல ஒரு பெண் வழக்குரைஞர் கிடைப்பது அவர்களுக்கு எத்துணை ஆறுதல்! வக்ஃபு சொத்து வழக்குகளிலும் ஷரீஅத்தையும் நாட்டுச் சட்டத்தையும் ஒருங்கே கற்றவர்கள் நமக்குத் தேவை. அத்தகையோர் நம் வீடுகளிலிருந்துதானே வர வேண்டும்?

ஆகவே, அழைப்பு வந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிள்ளையை அனுப்புங்கள். மாலையில் திரும்பியதும் அருகில் அமர்த்தி, அன்று கேட்டவற்றையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களை நீதியின் பக்கம் நிற்போராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.