மணற்பாங்கான நிலத்திற்கேற்ற கொழிஞ்சி

ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் மேய்ச்சல் தரையிலும் ஒருவரும் விதைக்காமலே முளைத்து, கடுங்கோடையிலும் ஊதா நிறமாகப் பூத்து நிற்கும் சிறு செடி கொழிஞ்சி. கொள்ளுக்காய் வேளை என்பதும் இதுவே. இதனைக் களையென்று எண்ணிக் கழித்துவிடுவோர் அநேகர். பணம் கொடுத்து வாங்கும் உரத்தில் ஒரு பகுதியை இச்செடி நிலத்திலேயே உண்டாக்கித் தரவல்லது என்பதை அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

கொழிஞ்சி இந்நாட்டிற்கே உரியது, பல்லாண்டு வாழ்வது. இதன் ஆணிவேர் ஆழமாக இறங்கி அடிமண்ணின் ஈரத்தை நாடுவதால், மழை பொய்த்த காலத்திலும் செடி பட்டுப்போவதில்லை. சிற்றிலை ஒன்றை நுனியையும் அடியையும் பிடித்து இழுத்தால், அது நேராகக் கிழியாமல் அம்பு முனைபோல் அறுபடும். இந்த அடையாளத்தைக் கொண்டு சிறுவரும் இதனைக் கண்டுகொள்ளலாம்.

உளுந்து, பயறு இவற்றைப்போல் இதுவும் அவரை இனத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு அளிக்கின்றன. செடியை மடக்கி உழுதால் அச்சத்து மண்ணைச் சேர்கிறது. ஈரம் நில்லாத மணலுக்கு மக்கிய தழையே வலிவு. கால்நடைகள் இதனை விரும்பி மேய்வதில்லை. ஆதலால் மாடுகளை அவிழ்த்துவிடும் கோடையிலும் வேலியின்றி நிற்கும்.

ஒருபோக நஞ்சைக்கும் தென்னந்தோப்பிற்கும் இது மிகவும் ஏற்றது. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். நெல் அறுவடையானதும் எஞ்சிய ஈரத்தில் விதைத்து, அடுத்த போகத்திற்கு முன் பூக்கும் தருணத்தில் மடக்கி உழவேண்டும். முற்றவிட்டால் தண்டு கட்டையாகி மக்குவதற்கு நாட்செல்லும். ஏக்கருக்குச் சுமார் 1,200 முதல் 1,600 கிலோ பசுந்தழை கிடைக்கும். இதன் வளர்ச்சி மெதுவானது. ஆகையால் ஆண்டு முழுதும் பயிரேறும் நிலத்திற்கு விரைவில் வளரும் சணப்பும் தக்கைப்பூண்டுமே தக்கவை.

விதைத்தும் முளைக்கவில்லை என்று சிலர் கைவிடுவதற்குக் காரணம், நீர் புகாத விதைத்தோலே. விதையைப் பருமணலோடு கலந்து உரலிலிட்டு இலேசாக இடித்தாலும், கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் இட்டெடுத்தாலும் தோல் இளகி முளைக்கும். முதலாண்டில் இடையூறாகத் தோன்றும் அந்தத் தோலே பின்னர் உதவியாகிறது. சில செடிகளை உழாமல் நெற்றாகவிட்டால், உதிர்ந்த விதை நெற்பயிர் நிற்கும் காலம் முழுதும் சேற்றில் கெடாதிருந்து, அறுவடைக்குப்பின் தானே முளைக்கும். மறுபடியும் விதை வாங்கும் செலவில்லை.

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். இதன் இலையிலும் வேரிலும் மீனைக் கொல்லும் நஞ்சு உண்டு. ஹவாய்த் தீவினர் இச்செடியை நசுக்கி நீரிலிட்டு மீன் பிடித்துவந்தனர். எனவே மீன் வளரும் குட்டையில் தழையை ஊறப்போடலாகாது.

இப்பொழுது கவனிக்கவேண்டியது விதையே. புறம்போக்கில் உள்ள செடிகளை நெற்று முற்றுமுன் வேரோடு பிடுங்கிச் சென்றால், ஊரிலுள்ள விதை முதலே அழிந்துபோகும். நெற்று முற்றும்வரை பொறுத்து, வெடித்துச் சிதறுமுன் பறித்து உலர்த்தினால் செலவின்றி விதை சேரும். சங்கத்தார் அதனைப் பொதுவில் சேமித்து, அங்கத்தினருக்கு விதைக்கடனாகக் கொடுத்து, மறுவருஷம் கால்பங்கு கூட்டி விதையாகவே திரும்பப் பெறலாம். ரொக்கமாகப் பெற்ற உரக்கடனை மழை பொய்த்த வருஷத்திலும் வட்டியோடு செலுத்தவேண்டும். வறட்சியிலும் நிலத்தில் நின்று காய்க்கும் இச்செடியோ தன் கடனைத் தானே அடைத்துவிடும்.