புகையில் வேகும் கறி: முதல் அடுப்பு எது?

கல்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் உண்டு. விறகு அருகிலேயே இருக்க, புகையடுப்புக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. மூடியுள்ள 200 லிட்டர் இரும்பு டிரம் போதும்.

ஏன் டிரம்?

அடியில் ஒரு காற்றுத்துளை, மூடியில் ஒரு புகைத்துளை. சூடான காற்று மேலேறும்போது கீழிருந்து புதுக்காற்றை இழுக்கும். அடித்துளையைச் சற்று மூடினால் தீ தணியும். இப்படி 105 முதல் 120 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்தால், கறியிலுள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறும். முரட்டுத் துண்டும் மென்மையாகும்.

மணம் எப்படி வருகிறது?

மரத்தின் லிக்னின் சூட்டில் சிதைந்து குவயகால் போன்ற பீனால்களைத் தருகிறது. கரியில் இவை பெரும்பாலும் முன்பே வெளியேறிவிட்டதால், அது வெப்பத்துக்கு மட்டுமே. மணத்துக்கு அதன்மேல் நன்கு காய்ந்த விறகுத் துண்டு இரண்டு போடுங்கள். ஈர விறகின் அடர்ந்த வெள்ளைப்புகை கசக்கும். கொழுப்பு தணலில் சொட்டினால் புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் உருவாகும்; நடுவே தண்ணீர்த் தட்டு வையுங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

ரசாயனம் இருந்த டிரம் வேண்டாம். துத்தநாகம் பூசியதும் வேண்டாம். சூட்டில் நச்சுப்புகை வரும். மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். கடற்காற்று தீயை ஊதிவிடும். துளையை அதற்கு எதிர்ப்புறம் திருப்புங்கள். உப்புக்காற்றில் துரு ஏறாமல் எண்ணெய் தடவி வையுங்கள்.

மிஞ்சும் பணத்தில் வெப்பமானி வாங்குங்கள். கோழியின் உள்ளே 74 டிகிரி வந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது.