பழைய புத்தகமும் துப்பறியும் கண்ணும்

திருப்பனந்தாள் என்றதும் காசி மடமும் தமிழ்க் கல்லூரியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரைத் தன்னகத்தே கொண்ட காவிரி நாட்டில் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றை மாணவர் யாவரும் அறிவர். இன்று அச்சுப் புத்தகத்தையும் அவ்வாறே தேட வேண்டியிருக்கிறது. அவற்றுள்ளும் இளைஞர் விரும்பிப் படித்த துப்பறியும் கதைகள் மிக அரியனவாகிவிட்டன.

இதற்குக் காரணம் யாது? சிறுவர் புத்தகம் பல கை மாறும்; அட்டை கிழியும்; ஏடுகள் உதிரும். மலிவுக் காகிதமோ சில ஆண்டுகளிலேயே பழுத்து நொறுங்கும். ஆற்றுப்படுகை ஊர்களில் ஐப்பசி மழையின் ஈரமும், செல்லும், இராமபாணப் பூச்சியும் பரணில் கிடப்பவற்றைத் தின்றுவிடும். எஞ்சியவை நிறைக்கு விற்கப்பட்டுப் பொட்டலக் காகிதமாகிவிடும். துப்பறியும் கதை இலக்கியமன்று என்று கருதிப் பெரியோர் பலர் அவற்றைப் போற்றவும் இல்லை.

ஆயினும் அவை நம் மண்ணில் விளைந்தவையே. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் தஞ்சை நாட்டு வீடுகளில் புகுந்து மர்மங்களை அவிழ்த்தன. பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால் மாணவர் மனத்தைக் கவர்ந்தார். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழ் பேச வைத்தது. அதன் தொடக்க கால இதழ்களை இன்று பலர் தேடி அலைகின்றனர்.

பழைய புத்தகக் கடையில் இத்தகைய நூலொன்று கிடைத்தால், அதன் வயதை அறிவது எங்ஙனம்? ஆண்டு அச்சிடப்படாத நூல்கள் பல. இங்கேதான் வாசகரே துப்பறிவாளர் ஆகவேண்டும். முதலில் விலையைக் காண்க. அணாக் கணக்கில் இருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கு முற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்றுதான் தசம நாணயம் வந்தது. ‘ந. பை.’ என்றிருந்தால், நயா பைசா என்ற பெயர் வழங்கிய 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டதாகலாம். அடுத்து, முகவரியைக் காண்க. ‘சென்னை-17’ என்பது பழைய முறை. ‘சென்னை-600 017’ என்று ஆறு இலக்கம் இருந்தால், அந்நூல் 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. லை, னை முதலிய எழுத்துகள் யானைத் துதிக்கைபோல் வளைந்திருந்தால், அது 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்டதாக இருக்கக் கூடும்.

ஒரு குறிப்பை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது. ‘சார்வரி வருஷம்’ என்று ஒரு நூலில் காண்கிறோம் என்று கொள்வோம். அப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. 1900, 1960, 2020 ஆகிய மூன்றிலும் தொடங்கியதுண்டு. விலை நயா பைசாவில் இருப்பின், 1960-இல் தொடங்கிய ஆண்டே அது எனத் தெளியலாம். இரண்டு சான்றுகள் சேர்ந்து உண்மையைக் காட்டுவதைக் காண்கிறோம் அன்றோ?

வேறொன்றும் கருதத்தக்கது. நூலில் பொது நூலகத்தின் முத்திரை இருந்து, நீக்கம் செய்ததற்கான குறிப்பு இல்லையாயின், அதை அந்நூலகத்திற்கே அறிவிப்பதுதான் நேர்மை. கிழிந்த ஏட்டைப் பசை நாடாவால் ஒட்டுதலும் தகாது. காலப்போக்கில் அதன் கறை எழுத்தையே மறைத்துவிடும். வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்தல் போதும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பிறர் கழித்த நூல்களையும் இதழ்களையும் துண்டு அறிக்கைகளையும் வாழ்நாள் முழுதும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. பெருஞ்செல்வம் படைத்தோர்தாம் இத்தகைய பணியைச் செய்ய இயலும் என்பதில்லை.

நம் பாட்டனாரும் பாட்டியாரும் இளமையில் எதைப் படித்து வியந்தனர், எதற்கு அஞ்சினர் என்பதைக் கூறும் சான்று இப்புத்தகங்களே. அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை ஆராய்ந்து பாருங்கள். கடைக்காரரின் தராசுக்குப் போகுமுன் ஒரு நூல் காப்பாற்றப்பட்டாலும் அது நற்பணியே.