இரத்தக் கணக்கும் ஆயுட்கணக்கும்

கணையத்தில் தோன்றும் புற்றுநோயைப் போல மனிதனை ஏமாற்றும் வியாதி வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் இந்நோய் புதிதாகக் காணப்பட்டவர் சுமார் 5,10,000 பேர். அதே ஆண்டில் இதனால் மாண்டவர் சுமார் 4,67,000 பேர். வந்தவர் தொகைக்கும் சென்றவர் தொகைக்கும் இவ்வளவு சிறிய வித்தியாசமுள்ள புற்றுநோய் மிக அரிது. இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பை ஒட்டி, வைத்தியரின் கைக்குத் தட்டுப்படாத ஆழத்தில் கணையம் கிடக்கிறது. அஜீரணம், முதுகுவலி, காரணமின்றி உடல் இளைத்தல் என்னும் சாதாரண வேஷங்களில் வியாதி நுழைகிறது. மஞ்சட்காமாலை தலைகாட்டிய பின்னும் நம் ஜனங்களிற் பலர் கீழாநெல்லியைத் தேடிச் சில வாரங்களைப் போக்கிவிடுகின்றனர். நோய் இன்னதென்று தெரியும் சமயத்தில், நூற்றுக்கு 15 அல்லது 20 பேருக்கே சத்திர சிகிச்சையால் அதை அகற்ற முடிகிறது.

இதைப் பற்றித் தினசரிப் பத்திரிகை எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் இருப்பது பென்னலூர். அவ்வட்டாரத்திலிருந்து ஒரகடம் வரையில் ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றில் உழைப்போர் பல ஜில்லாக்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவர். வேலையிற் சேரும்போது இரத்தப் பரிசோதனை, ஆலை முகாமில் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் பரிசோதனை என்று பரிசோதனைச் சீட்டுகள் தொழிலாளியின் கையில் சேர்ந்துகொண்டே போகின்றன. அச்சீட்டிலுள்ள சில எண்களே கணையப் புற்றுநோயாளியின் எதிர்காலத்தையும் ஓரளவு சுட்டுகின்றன. அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்பதை அறியாதவன் வீணாக அஞ்சவும் கூடும், வீணாக ஏமாறவும் கூடும்.

அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டு என்ற கருத்து புதிதன்று. 1863-ல் ஜெர்மானியப் பண்டிதர் விர்கோ, புற்றுக் கட்டிகளினுள் வெள்ளணுக்கள் புகுந்திருப்பதைக் கண்டு இவ்வுறவைக் குறிப்பிட்டார். 1930-ல் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஸ்தாபனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் சி.ஆர்.பி. என இன்று வழங்கும் பொருளைக் கண்டறிந்தனர். கணையத்துப் புற்றும் அதைச் சூழ்ந்த தசையும் விடுக்கும் சில இரசாயனத் தூதுகளால் கல்லீரல் தன் வேலையின் போக்கையே மாற்றிக்கொள்கிறது. சி.ஆர்.பி.யை மிகுதியாகச் செய்கிறது. உடலுக்கு அவசியமான ஆல்புமின் என்னும் புரதம் குறைந்துவிடுகிறது. வெள்ளணுக்களில் நியூட்ரோபில்கள் பெருகுகின்றன. புற்றை இனங்கண்டு தாக்கவல்ல லிம்போசைட்டுகள் குறைகின்றன. சோறு உண்ணினும் உடல் கரைகிறது.

இவ்வளவையும் அளக்க விலையுயர்ந்த யந்திரம் வேண்டுவதில்லை. சி.பி.சி. என்று யாவரும் கூறும் அணுக்கணக்கில், நியூட்ரோபில் 6,000, லிம்போசைட் 1,500 என்றிருந்தால், முன்னதைப் பின்னதால் வகுக்க வருவது 4. சுகதேகிகளுக்கு இவ்விகிதம் பெரும்பாலும் 1-க்கும் 3-க்கும் இடையில் நிற்கும். கணையப் புற்றுநோயாளிகளில் இவ்விகிதம் உயர்ந்தவர், சராசரியாகப் பார்க்குமிடத்து, குறைந்த காலமே வாழ்கின்றனர் என்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. கிளாஸ்கோ நகரத்தார் வகுத்த மற்றொரு கணக்கும் உண்டு. திருத்தப்பட்ட அம்முறைப்படி, சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படாவிடில் மதிப்பெண் 0, மேற்பட்டால் 1, அதனுடன் ஆல்புமினும் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழிறங்கினால் 2. மதிப்பெண் ஏற ஏற எதிர்காலம் மங்குகிறது.

இவ்வெண்களைச் சாட்சிகளாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் நம்பி மரண தண்டனை விதிக்குமுன் நீதிபதி எத்தனை முறை யோசிப்பார்! இங்கோ சாட்சியைக் கலைப்பன பல. கட்டி பித்தக்குழாயை அடைத்து, அங்கே கிருமி பற்றினால், சி.ஆர்.பி. உயரும்; அது புற்றின் குரலா, கிருமியின் குரலா என்பதை எண் சொல்லாது. நம் நாட்டில் க்ஷயமும் டைபாய்டும் டெங்குவும் இரத்தக் கணக்கை ஒவ்வொரு விதமாகக் கலைக்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரை நியூட்ரோபிலை உயர்த்துகிறது. விகிதம் எந்த எல்லையைத் தாண்டினால் அபாயம் என்பதிலும் ஒற்றுமையில்லை: ஓர் ஆராய்ச்சி 2 என்கிறது, மற்றொன்று 5 என்கிறது. அன்றியும், நூறு பேரின் சராசரியைக் கொண்டு ஒரு தனி மனிதனின் நாட்களை எண்ண முடியாது.

இரண்டாவது எச்சரிக்கை, நோயற்றவருக்கு உரியது. ‘புற்றுநோய்ப் பரிசோதனை’ என்ற பெயரில் சுகமாயுள்ள தொழிலாளருக்குச் சி.ஏ.19-9 முதலிய சோதனைகளைப் பொட்டலமாக விற்பதை நாம் கண்டிக்கிறோம். புற்றில்லாமலே பித்தக்குழாய் அடைப்பால் அவ்வெண் உயரும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரையில், பிறவியிலேயே அப்பொருளைச் செய்ய இயலாதவர். புற்று இருந்தும் அவர்களுக்கு எண் உயராது. குறியொன்றும் இல்லாதவரைக் கணையப் புற்றுக்காகச் சோதிக்க வேண்டாமென்றே அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2019-ல் மீண்டும் கூறிற்று.

மூன்றாவதாக, எண்ணை அடக்கினால் நோய் அடங்கிவிடும் என்றும் எண்ணற்க. அழற்சியைத் தணிக்கும் ரக்ஸோலிடினிப் என்ற மருந்து, சி.ஆர்.பி. உயர்ந்த கணையப் புற்றுநோயாளிகளுக்கு நன்மை தருவதாக 2015-ல் வெளியான ஒரு சிறு பரிசோதனை நம்பிக்கையூட்டியது. அழற்சி மிக்க நோயாளிகளையே தெரிந்தெடுத்து நடத்திய பெரிய பரிசோதனையோ, பயன் காணாமையால் 2016-ல் நிறுத்தப்பட்டது. புகையைக் கலைத்ததால் நெருப்பு அணையவில்லை.

அப்படியாயின் இவ்வெண்களால் ஆவதென்ன? அவசரத்தை உணர்த்துவதே இவற்றின் உயர்ந்த பயன். மதிப்பெண் உயர்ந்த நோயாளியைக் கைவிடாமல், அடைபட்ட பித்தக்குழாயைத் திறக்க வேண்டும். கிருமியை ஒழிக்க வேண்டும். கணைய என்ஸைம் மாத்திரையும் புரதமுள்ள ஆகாரமும் கொடுத்து உடலைத் தாங்க வேண்டும். வலியைத் தணிக்க வேண்டும். கீமோதெரபி தாங்குவாரா என்பதை முன்கூட்டியே ஆராய வேண்டும். நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உள்ளதை உள்ளபடி, கனிவுடன் கூற வேண்டும். அவநம்பிக்கைக்கு இடமில்லை. பரவிய நோயில் பால்பிரினாக்ஸ் என்னும் கூட்டு மருந்து நடுத்தர ஆயுளை 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக உயர்த்தியதாக 2011-ல் பிரெஞ்சு ஆராய்ச்சி காட்டிற்று. சத்திர சிகிச்சைக்குப் பின் அதன் திருத்திய வகையைக் கொடுத்தபோது 54.4 மாதமும், பழைய மருந்தினால் 35 மாதமும் என்பது 2018-ன் முடிவு. இவை தெரிந்தெடுத்த திடகாத்திரருக்குக் கிடைத்த பலன்கள் என்பது மெய்யே. ஆயினும், உடல் கரையுமுன் வந்து சேர்ந்தவனுக்கே மருந்து பயன்படும் என்ற பாடமும் அதிலேயே இருக்கிறது.

தென்னாட்டாருக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. கணையத்தில் கற்கள் சேர்ந்து, இளமையிலேயே வயிற்றுவலியும் நீரிழிவும் உண்டாக்கும் நாட்பட்ட அழற்சி நோயொன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. அந்நோயாளிகளுக்குக் கணையப் புற்றின் அபாயம் பன்மடங்கு மிகுதி என்பதை 1994-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இத்தகையோரை வைத்தியர் கண்காணிப்பிலிருந்து நழுவவிடலாகாது.

பென்னலூர்த் தொழிலாளிக்குச் சிகிச்சை ஸ்தலம் எட்டாத் தூரத்தில் இல்லை. புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3-ல் மறைந்த அண்ணாதுரையின் நினைவாக ஏற்பட்ட அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி, அதே நெடுஞ்சாலை வழியில், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் நிறுவிய புற்றுநோய் நிலையம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. எட்டாதது சம்பளத்தோடு கூடிய ஓய்வே. புற்றுநோய் உட்பட 34 நெடுநோய்களுக்கு, 91 நாளைக்கு மேலும் ஊதியத்தில் 80 சதவிகிதம் கொடுக்க ஈ.எஸ்.ஐ. விதிகள் இடமளித்தன, ஆனால் இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலையும் அவை கோரின. சில மாதங்களுக்கொரு முறை காண்டிராக்டர் மாற்றி எழுதும் கூலியாளுக்கு இரண்டு ஆண்டு எங்கிருந்து வரும்? மருந்தைத் தாங்கவல்ல நாட்களை அவன் கூலிக்காக ஆலையிற் கழிக்கிறான். அவனது இரத்தக் கணக்கு அந்நாட்களில் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆதலின் நாம் கோருவன மூன்று. கணையப் புற்று கண்ட ஒவ்வொருவரின் முதல் நாள் இரத்தக் கணக்கையும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஒழுங்காகப் பதிந்து, நம் ஜனங்களுக்குப் பொருந்தும் எல்லைகளை வெளியிட வேண்டும். குறியற்றவரிடம் புற்றுநோய்ச் சோதனை விற்கும் முகாம்களை ஆலைகள் அனுமதிக்கலாகாது. புற்றுநோய் உறுதிப்பட்ட தொழிலாளிக்கு, எத்தனை காண்டிராக்டர் மாறியிருப்பினும், நெடுநோய் உதவி மறுக்கப்படலாகாது. தொழிற்சங்கத் தோழர்கள் போனஸ் கோரிக்கையோடு இம்மூன்றையும் சேர்த்து எழுப்புவாராக. இரத்தத்தின் கணக்கை வைத்தியர் பார்த்துக்கொள்வார். அக்கணக்கு ஏறுமுன் தொழிலாளியைச் சிகிச்சைக்கு அனுப்பும் பொறுப்பு நம் அனைவருடையது.