ராஜபாளையம் நாய்: இணை சேர்க்கும் முன் காதையும் உறவையும் பாருங்கள்

உங்கள் வீட்டில் ராஜபாளையம் பெட்டை நாய் இருந்தால், "குட்டி போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அந்தப் பேச்சை நம்பி, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆண் நாயோடு சேர்த்துவிடுகிறோம். எட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. கேட்டவர் வந்து நல்ல ஆண் குட்டியாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மிச்சம் இருப்பதில் இரண்டுக்குக் காது கேட்கவில்லை. அவற்றை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

2005-ல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற நாய் இது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகமும் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் வெள்ளையாக இருக்கும் நாயை எல்லாம் ராஜபாளையம் என்று சொல்லி விற்கும் காலம் இது. மெய்யான இனம் நிலைப்பது, பெட்டை நாய் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் எந்த ஆண் நாயைத் தேர்வு செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

வெள்ளை நிறமும் செவிட்டுத்தன்மையும்

பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், ஒலியை உணரும் பகுதி குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் கேட்கும் திறனைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெள்ளை நாய்களில், அதிலும் நீலக் கண் உள்ளவற்றில், இந்தக் குறை கூடுதலாக வரும்.

இரண்டு காதும் கேட்காத நாயை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்காத நாய்தான் ஏமாற்றிவிடும். கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவல் காக்கும், அதனால் குறையே தெரியாது. ஆனால் அதன் வழியாகக் குறை குட்டிகளுக்குப் போகும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு நாய் அடிக்கடி தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனதும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு குட்டியையும் தனியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கூட்டத்தில் இருந்தால், செவிட்டுக் குட்டியும் மற்றவை ஓடுவதைப் பார்த்து ஓடும். அது தூங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று தட்டில் கரண்டியால் தட்டுங்கள். தரையில் காலை உதைக்காதீர்கள், அருகில் நின்று கை தட்டாதீர்கள். அதிர்வையும் காற்றையும் உணர்ந்தே குட்டி விழித்துவிடும். ஒரு நாளோடு விடாமல் நான்கைந்து நாள் பாருங்கள்.

காது கேட்காத குட்டி வளர்க்கத் தகுதியற்றது என்று அர்த்தமில்லை. கை சைகைக்குப் பழக்கினால் வேலி போட்ட வீட்டுக்குள் நன்றாகவே வாழும். சாலையோர வீட்டில் அவிழ்த்துவிட்டு வளர்க்க மட்டும் ஆகாது. அதற்கு இணை சேர்க்கவும் கூடாது. ஒரே ஈற்றில் இப்படிக் குட்டிகள் பிறந்தால், அதே ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள். பழுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டியை "கலப்பு" என்று ஒதுக்குவதும் வேண்டாம். வெள்ளைக்காகவே பொறுக்கிப் பொறுக்கித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம்.

கிடாவை மாற்றுகிறோம், நாயை ஏன் மாற்றுவதில்லை?

ஆட்டு மந்தையில் ஒரே கிடாவை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, அது தன் குட்டிகளோடேயே சேர்ந்துவிடும் என்று நமக்குத் தெரியும். நாய் விஷயத்தில் மட்டும் "நல்ல ரத்தம்" என்று சொல்லி அப்பனையும் மகளையும் சேர்க்கிறோம். அப்படிப் பிறக்கும் குட்டியின் மரபணு ஜோடிகளில் சராசரியாக நாலில் ஒரு பங்கு ஒரே நகலாக அமைந்துவிடும். தந்தை ஒன்றாகவும் தாய் வேறாகவும் உள்ள இரண்டைச் சேர்த்தால் எட்டில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் குறைகள் வெளியே வருவது இப்படித்தான். குட்டிகளின் எண்ணிக்கை குறையும், சில பிறந்த வாரத்திலேயே சாகும், நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையும்.

ஆகவே ஆண் நாயின் உரிமையாளரிடம் அதன் தாய், தந்தை, தாத்தா, பாட்டி எந்த வீட்டு நாய்கள் என்று கேளுங்கள். உங்கள் நாயின் வரிசையையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் வேறு ஊர் நாயைத் தேடுங்கள். பேருந்துச் செலவுதான் ஆகும். உடம்பெல்லாம் சொறி வந்து முடி கொட்டிய நாய், காரணமில்லாமல் வீட்டு ஆட்களையே கடிக்கும் நாய், இவை எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேண்டாம். அந்த வீட்டுக்கு நேரில் போய், நாய் அங்குள்ள பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது நல்லது.

எப்போது சேர்க்கலாம்?

முதல் பருவத்திலேயே சேர்த்துவிட வேண்டாம். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு ஈற்று, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. விற்பதற்காகக் குட்டி எடுப்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யவும் வேண்டும். ஐந்து என்பது உச்ச வரம்பு. இரண்டு மூன்றோடு நிறுத்தினால் தாய்க்கு நல்லது.

பருவத்தின் உதிரம் தெரிந்த நாளிலிருந்து பெரும்பாலும் 9 முதல் 14 நாளுக்குள் பெட்டை சேர்க்கைக்கு இடம் கொடுக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். கடைசி மூன்று வாரத்தில் தீவனத்தைக் கூட்டிக் கொடுங்கள். ஆனால் சினையாக இருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் சுண்ணாம்புச் சத்து டானிக் கொடுக்காதீர்கள். உடம்பு தன் எலும்பிலிருந்து சத்தை எடுக்கும் பழக்கத்தை இழந்து, குட்டி போட்ட பிறகு தடுமாறும். பசு மாட்டுக்குப் பால் காய்ச்சல் வருவது போன்றதுதான் இது. குட்டி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் தாய் நடுங்கினாலோ, மூச்சிரைத்தாலோ, கால் விறைத்தாலோ குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நாய் இறந்துவிடும்.

குட்டியை யாருக்குக் கொடுப்பது?

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. விதியும் அதைத்தான் சொல்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிகளை வீட்டு ஆட்களோடு பழகவிடுங்கள். பிள்ளைகள் தூக்கட்டும், ஆடு கோழி பக்கத்தில் திரியட்டும், மோட்டார் சத்தம் காதில் விழட்டும். இது இயல்பிலேயே அந்நியரை எளிதில் ஏற்காத நாய். இந்த வயதில் கொட்டகையில் தனியாக அடைத்துவைத்தால் வளர்ந்த பின் யாரையும் நம்பாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொல்லி, தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

வாங்க வருபவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். ஓட இடம் இருக்கிறதா? நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைப்பாரா? ஓடியே பழகிய வேட்டை நாய் இது. மாடி வீட்டில் சும்மா கட்டிக்கிடந்தால் கடிக்கத் தொடங்கும், பிறகு தெருவுக்கு வந்துவிடும். வளர்க்க முடியாமல் போனால் திருப்பி என்னிடமே கொண்டுவாருங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். இப்படி நம்பகமான நான்கு வீடுகளாவது கிடைக்கும்வரை இந்த ஆண்டு இணை சேர்ப்பதைத் தள்ளிவையுங்கள். பெட்டை அடுத்த பருவத்துக்கு வர ஆறேழு மாதம்தான் ஆகும்.